பெயர் இல்லாத சலுகை

"அந்த நாற்காலியில நான் உட்கார்ந்த நாளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிருவேன் தம்பி" என்றார் அந்த அம்மா.

ஐந்தாண்டுகள் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர் அவர். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று ஜெயித்தார். 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். "நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கனதான இருக்கணும்."

ஊராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு சுழல் நாற்காலி. மற்றதெல்லாம் பிளாஸ்டிக். இவர் போகும்போது சுழல் நாற்காலியில் துணைத் தலைவர் உட்கார்ந்திருப்பார். எழுந்திருங்கள் என்று அவரிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை. கிளார்க்கு அவருக்குப் பங்காளி முறை. "என்னையத் தரையில உட்காருன்னு யாரும் சொல்லல தம்பி, பொய் சொல்லக்கூடாது. 'வா, இங்கிட்டு உட்காரு'ன்னு ஓரமாக் கிடக்கிற பெஞ்சைக் காட்டுவாங்க. பி.டி.ஓ. வர்ற அன்னைக்கு மட்டும் நாற்காலி காலியா இருக்கும்." அப்படி அதிகாரிகள் வந்த நாட்களைத்தான் அவர் விரல் விட்டு எண்ணுகிறார்.

இதைக் கேட்டுவிட்டு வந்த சில நாட்களில், மதுரையில் ஒரு கல்லூரி மாணவருடன் பேசிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் மகன். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர், நல்ல பையன். நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னதும் வருத்தப்பட்டார். அடுத்த நிமிடமே, "இருந்தாலும் சார், உங்களுக்குத்தான் எல்லாச் சலுகையும் இருக்கே. எங்களுக்கு என்ன சார் இருக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. அவருடைய அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமி. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத் திணறுகிற குடும்பம்தான். "உனக்குச் சலுகை இருக்கிறது தம்பி" என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார், அல்லது கோபப்படுவார். ஏனென்றால் நம் பேச்சு வழக்கில் 'சலுகை' என்ற சொல் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் ஒட்டும். இட ஒதுக்கீடு சலுகை. உதவித்தொகை சலுகை. விடுதி சலுகை. அரசிதழில் அச்சாகி, விண்ணப்பத்தில் கட்டம் போட்டு, சாதிச் சான்றிதழ் இணைத்துக் கேட்டு வாங்க வேண்டியவை இவை. இன்னொரு பக்கத்துக்குப் பிறந்ததுமே கிடைப்பதற்கு விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை. அதனால் அதற்குப் பெயரும் இல்லை.

பெயர் இல்லாத அந்தச் சலுகை எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நாம் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

என் தாத்தாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்த காலம் அது. ஊர்த் தெருவிலிருந்து ஒரு பையன் வருவான். ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தான். தாத்தாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "அப்பா உன்னய வரச் சொன்னாரு" என்பான். தாத்தா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தா வந்துட்டேன் சாமி" என்பார். அந்தப் பையன் திமிர் பிடித்தவன் அல்ல. அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவனும் கூப்பிட்டான். தன் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் அடி விழும் என்பது அவனுக்குத் தெரியும். என் தாத்தாவைக் கூப்பிட்டால் விழாது என்பதும் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல அது. தமிழில் 'நீ' என்றும் 'நீங்க' என்றும் இரண்டு சொல் இருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் மேலே யார் கீழே என்று சொல்லிவிட்டுத்தான் நாம் மேற்கொண்டு பேசுகிறோம்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. செல்போன் கடையில், வங்கியில், பேருந்தில் எல்லாருக்கும் 'வாங்க, போங்க'தான். ஆனால் அந்த அம்மா சொன்னார்: "ஆபீசர் முன்னாடி 'தலைவர் சொல்லட்டும்'பாங்க. ஜீப்பு கிளம்பினதும் 'ஏ, இங்க வா'தான்."

இன்னொன்று, 'எந்த ஊர்?' என்ற கேள்வி. பத்து ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் வாடகை வீடு தேடினேன். வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார், காபி கொடுத்தார். எந்த ஊர் என்றார், சொன்னேன். "அடடே, அங்க நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே. நீங்க எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னேன். காபி டம்ளர் காலியாவதற்குள், அவருடைய மகளுக்கு மாற்றலாகி இங்கேயே வருவதாக நினைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்த்த வீடுகளில் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தாலுகாவைச் சொல்லப் பழகினேன். பேச்சு தெருப் பக்கம் திரும்புவதற்குள் முன்பணத்தைப் பற்றிப் பேச்சைத் திருப்பப் பழகினேன்.

அந்தக் கல்லூரி மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். வாடகை வீடு தேடும்போது அவருக்கும் கையில் பணம் இருக்காது, அலைச்சல் இருக்கும். ஆனால் எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சொல்வது என்று முந்தைய நாள் இரவு படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அந்த யோசனை இல்லாமல் இருப்பதுதான் அவருக்குக் கிடைத்திருக்கும் சலுகை. ஏழையாக இருந்தாலும் கிடைக்கும். அவர் சாதி பார்க்காதவராக இருந்தாலும், வேண்டாம் என்று சொன்னாலும்கூடக் கிடைக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நான் என்ன சார் செய்யிறது?" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

ஒரு கையெழுத்தில் நிற்கும் அதிகாரம்

தனி மனிதர்கள் நல்லவர்களாகிவிட்டால் தீர்ந்துவிடும் என்றால் கதை எளிது. அமைப்பு அப்படி இல்லை. ஊராட்சியையே எடுத்துக்கொள்வோம்.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 தேர்தலிலிருந்து தலைவர் பதவிகளில் பட்டியல் சமூகத்தினருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒரு கையெழுத்துப் போதாது.

இதைச் சட்டம் எழுதியவர்கள் பணம் திருட்டுப் போகாமல் இருக்கத்தான் எழுதினார்கள். நியாயமான ஏற்பாடு. அதே ஏற்பாடு ஒரு சாதி ஊரில் இறங்கும்போது என்ன ஆகிறது? தலைவர் தலித், துணைத் தலைவர் ஆதிக்கச் சாதி. மோட்டார் பழுது பார்த்த கூலிக்குத் தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று, துணைத் தலைவர் போட மாட்டார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்குப் போயிருக்கிறார், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்குப் பார்க்கலாம். மூன்றாம் நாள் தண்ணீர் வராது. தெருவில் என்ன பேசுவார்கள்? "இதுகள உட்கார வச்சா இப்படித்தான்" என்பார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு கை ஓங்கவில்லை. எல்லாம் சட்டப்படி நடக்கிறது. தலைவர் திறமையில்லாதவர் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும்.

அந்த அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். காலனியில் கழிவுநீர் வாய்க்காலுக்கான பில் எட்டு மாதம் கிடந்தது. ஒப்பந்தக்காரர் இவர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார், துணைத் தலைவர் வாசலுக்குப் போகவில்லை. கடைசியில் ஊர்த் தெருவில் சிமெண்ட் சாலை போடுகிற தீர்மானத்தில் இவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாய்க்கால் பில் நகர்ந்தது. அந்தச் சாலையும் தேவையானதுதான், மறுக்கவில்லை என்கிறார்.

கையெழுத்துக்கு அப்பாலும் இருக்கிறது. இவர் கணவர் வேலை செய்வது அந்தத் துணைத் தலைவரின் சித்தப்பா தோட்டத்தில். மளிகைக் கடை பாக்கி ஊர்த் தெருவில். மகளின் பிரசவத்துக்கு நடு ராத்திரியில் கார் கொடுத்தவரும் ஊர்த் தெருக்காரர். அதை அந்த அம்மா நன்றியோடு சொல்கிறார். கார் கொடுத்தவரே கிராம சபையில், "உனக்கு என்னம்மா தெரியும், சும்மா இரு" என்றும் சொன்னார். பாசமும் அதட்டலும் ஒரே வாயிலிருந்து வரும்போது எதை எதிர்ப்பது? கூலி, கடன், அவசர உதவி எல்லாம் ஒரு திசையிலிருந்தே வருகிற ஊரில், வாக்குச் சீட்டு மட்டும் தனியாக நின்று எவ்வளவு செய்துவிடும்?

சில ஊர்களில் இவ்வளவு சிரமமும் வைத்துக்கொள்வதில்லை. தங்கள் தோட்டத்தில் வேலை பார்ப்பவரையே தேர்தலில் நிறுத்தி ஜெயிக்க வைத்துவிடுவார்கள். முத்திரையும் காசோலையும் முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கும்.

நம் மாவட்டம் கண்டது

மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

மேலூர் பக்கம் மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே தேர்தலை நடத்துவதே பெரும்பாடாக இருந்தது. வாக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிய பேருந்தை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டனர். ஒருவர் தலைவர் ஆனார் என்பதைத் தவிர அந்தப் பேருந்தில் வேறு குற்றம் எதுவும் பயணம் செய்யவில்லை.

உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கிலும் பத்து ஆண்டுகள் தலைவர் இல்லை. ஒன்று, மனுத் தாக்கல் செய்ய யாரும் வர மாட்டார்கள். அல்லது ஊர் சொல்லி நிறுத்திய ஒரு தலித் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். தேர்தல் ஆணையம் சலிக்காமல் அறிவிப்பு வெளியிடும். இவர்களும் சலிக்காமல் ராஜினாமா வாங்குவார்கள். 2006இல் த. உதயச்சந்திரன் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதுதான் முறையாகத் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்த நவம்பரில் முதல்வர் கருணாநிதி அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா நடத்தினார்.

தலைவர் பதவியைக் கொடுப்பதைவிடப் பத்து ஆண்டுகள் ஊராட்சியே இல்லாமல் இருப்பது மேல் என்று ஓர் ஊர் முடிவெடுத்ததை யோசித்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாததன் நட்டம் அவர்கள் தெருவுக்கும்தான். பெயரில்லாத அந்தச் சலுகைக்கு எவ்வளவு விலை கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

அது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைப் பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியானபின் ஐந்து நாள் கழித்து ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் நின்று அவரை ஏற்ற வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் நாடு முழுக்கப் பரவியது. 2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளைப் பார்த்துவிட்டு, 20 இடங்களில் தலைவர்கள் கொடியேற்ற முடியவில்லை, 22 இடங்களில் அவர்களுக்கு நாற்காலி இல்லை என்றது. அந்த ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சுதந்திர தினத்தன்று தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி ஆட்சியர்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது.

பள்ளி மைதானத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். யார் கயிற்றை இழுக்கிறார், யார் ஓரமாக நிற்கிறார் என்பதைப் பார்த்த பிள்ளை, எட்டாம் வகுப்பு வருவதற்குள் கையில் எந்த நிறக் கயிறு கட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்கே வந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். பள்ளி மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை பார்க்கிற ஊரைப் பற்றிக் குழு என்ன செய்ய முடியும்?

நமக்குள்ளும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்பேத்கர் இந்த அமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே மிதிக்க இன்னொரு படி இருப்பதால்தான் இது இடிந்து விழாமல் நிற்கிறது. துப்புரவு வேலைக்கு அருந்ததியர் தெருவில் மட்டும் ஆள் தேடுகிற பழக்கம் நம் காலனிகளிலும் உண்டு. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு முகம் சுளித்தவர்கள் நம்மிலும் உண்டு. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றபோதும் சுளித்தார்கள். அந்தக் கல்லூரி மாணவர் என்னிடம் கேட்ட கேள்வியை அன்று நம்மில் சிலர் அருந்ததியரிடம் கேட்டார்கள். வீட்டுக்குள் வந்தால் பெண்களிடம் ஆண்கள் கேட்கிறோம். அந்த அம்மா தலைவராக இருந்த முதல் ஆறு மாதம் கூட்டங்களுக்குப் போனது அவர் கணவர்தான். துணைத் தலைவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று சிரித்தார்.

தெரிந்து வைத்துக்கொள்ள ஒரு பிரிவு

உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறவர்களும் அவர்கள் வீட்டுப் படித்த பிள்ளைகளும் இதைக் குறித்துக்கொள்ளலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிவு 3(1)(எம்) பட்டியல் சமூக, பழங்குடித் தலைவர் அல்லது உறுப்பினர் தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதையும் தடுப்பதையும் தனிக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. மனுத் தாக்கல் செய்யவிடாமல், வாக்களிக்கவிடாமல் தடுப்பதற்கு அதற்கு முந்தைய பிரிவு 3(1)(எல்). முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை.

கையெழுத்துப் போட மறுப்பதை எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பில்லை எந்தத் தேதியில் துணைத் தலைவரிடம் கொடுத்தோம் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தீர்மானப் புத்தகத்தின் பக்கங்களைக் கூட்டம் முடிந்த கையோடு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு பிளஸ் டூ படித்த அவர் மகன்தான் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி வாரியாக எழுத ஆரம்பித்திருக்கிறான். நோட்டு ஆரம்பித்த பிறகு பில்கள் எட்டு மாதம் கிடந்ததில்லை. அதிகம் போனால் மூன்று வாரம்.

சட்டப் பிரிவைக் காட்டி வழக்குப் போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "கேஸ் போட்டா ஜெயிச்சிருப்பேன் தம்பி. அப்புறம் தோட்டத்து வேலை? கடைப் பாக்கி?" இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மாதச் சம்பளம் வாங்கி நகரத்தில் இருக்கிறவன். என்னிடம் இருப்பதும் ஒரு சலுகைதான்.

கிளம்பும்போது, இந்த ஐந்தாண்டில் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிற வேலை எது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவந்ததைச் சொன்னார். அதற்கு முன் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவார்களாம். குழாய் திறந்த அன்று ஊர்த் தெருப் பையன் ஒருவன், நான்காவது படிக்கிறவன், "தாங்க்ஸ் தலைவரம்மா" என்றிருக்கிறான்.

"பதவி போயிருச்சு. அவன் இப்பவும் பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியாப் போறப்ப 'தலைவரம்மா'ன்னு கூப்பிட்டுட்டுத்தான் போறான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, ஊர்த் தெருப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்: "மெதுவாக் கூப்பிடுய்யா, உங்க வீட்ல கேட்டா அடி விழும்னு நான்தான் அவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."